மழைக் கிராணி

மலாயாவின் சுங்கைப் பட்டாணி ஊரில் ஒரு மளிகைக் கடைக்கு மூட்டை அடுக்க வந்த பிறகும், விடிந்ததும் வெளியே வந்து வானத்தைப் பார்க்கும் பழக்கம் பக்கிரிசாமியை விடவில்லை. மழை பெய்திருந்தால் தோட்டத்து ஞாபகம் வந்துவிடும். அப்புறம் அன்று முழுக்க அவரிடம் வேறு பேச்சுப் பேச முடியாது. கடை முதலாளி ராமநாதன், "ஆரம்பிச்சிட்டாருய்யா" என்று தராசுப் பக்கம் நகர்ந்துகொள்வார்.

குனோங் ஜெராய் மலை அடிவாரத்து ரப்பர்த் தோட்டம் அது. பக்கிரிசாமி அங்கே ஆபீஸ் கூட்டுகிறவர். கூடவே இன்னொரு வேலையும் உண்டு. ஆபீஸ் முன்னால் நட்டிருந்த செப்புக் குழாயில் எவ்வளவு மழை விழுந்திருக்கிறது என்று காலை ஆறு மணிக்குக் கண்ணாடி அளவையில் ஊற்றிப் பார்த்து, கணக்கெழுதும் கிராணியிடம் சொல்ல வேண்டும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு அதில் ஒரு பைத்தியம். துடைப்பத்தோடு பக்கிரிசாமி போவதைப் பார்த்தால் போதும், "மழைக் கிராணி வாராருடோய், எந்திரிச்சு நில்லுங்க!" என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கேலி பறக்கும். அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

ஜப்பான்காரன் வந்தபோது துரை ஓடினார். அவர் பின்னாலேயே கிராணியும் ஓடினார். ஆபீஸைச் சூறையாடியவர்கள் கண்ணாடி அளவையை உடைத்துப் போட்டார்கள். "கேக்க நாதியில்ல, விட்டுத் தொலையேன்" என்றாள் மனைவி குணவதி. மனுஷன் கேட்டால்தானே! மரத்தில் பால் பிடிக்கும் கோப்பை ஒன்றை எடுத்துவந்து அதில் ஊற்றி அளந்தார். எழுதத் தெரியாது. கோப்பைக்கு ஒரு கோடு, மாதத்துக்கு ஒரு தாள். எதற்கு என்றால் அவருக்கே தெரியாது. அளக்காவிட்டால் பல் விளக்காத மாதிரி இருக்கிறது என்பார்.

இரண்டாம் ஆண்டு அரிசி அடியோடு நின்றது. மரவள்ளி நடச் சொல்லி உத்தரவு வந்தது. லயத்துக்குப் பின்னால் மேட்டில் இருந்த காட்டில் பாதியை வெட்டி எரித்து நட்டார்கள். பக்கிரிசாமியும்தான் வெட்டினார், அந்தக் கிழங்கைத் தின்றுதான் அவர் பிள்ளைகள் உயிரோடு இருந்தன. ஆனால் அந்தக் காட்டின் காலடியில் பிறந்த ஓடை, மழை பெய்தால் செம்மண்ணாய்ப் பாய்ந்தது. மழை விட்டால் நூலாய் இளைத்தது. மாசியில் நின்றே போனது. பெண்கள் குடத்தோடு ஒன்றரை மைல் நடந்தார்கள். காலையில் லயத்தை மூடிக் கிடக்கும் பனியும் காணாமல் போய், எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது.

ஜப்பான்காரன் ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனது போக மிஞ்சியவர்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூடினார்கள். மழை பொய்த்துவிட்டது, மாரியம்மனுக்குக் கோபம் என்றார் கங்காணி இருளப்பன். மீதிக் காட்டையும் வெட்டி இன்னும் பன்னிரண்டு ஏக்கர் நட உத்தரவு வந்திருந்தது.

பக்கிரிசாமி தாள்களோடு எழுந்தார்.

"கங்காணி, ஐப்பசியிலேர்ந்து மாசி வரைக்கும், போன வருசம் நாப்பத்தொரு கோப்ப. இந்த வருசம் நாப்பத்தி மூணு. நீங்களே எண்ணிப் பாருங்க."

இருளப்பன் இரண்டு தடவை எண்ணினார். "அப்ப தண்ணி எங்கடா போச்சு?"

"மழ கொறையல. நாமதான் காட்ட வெட்டுனோம். ஆத்தா குடுக்கிறதக் குடுத்துட்டா, அவ மேல பழி போடாதீங்க. மிச்சக் காட்டையும் வெட்டுனா ஓட திரும்பவே வராது."

"வயித்துக்கு என்னா பதில்?"

"கீழ கெழட்டுப் பால்மரம் பன்னண்டு ஏக்கர் நிக்கிதில்ல. அத வெட்டி நடலாம். ஜப்பான்காரனுக்கு எங்க நட்டா என்ன?"

துரையின் மரத்தில் கை வைப்பதா? "தொர திரும்பி வந்தா தோல உரிச்சிருவான்லா!" என்றார் இருளப்பன்.

"பக்கிரிசாமி சொன்னான்னு சொல்லுங்க."

குணவதி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் கீழ்த்தோப்பில்தான் கோடரி விழுந்தது.

மனிதன் செய்கிற வேலையால் மண்ணும் வெயிலும் மழையும் மாறுகின்றன என்று இன்று பெரிய பெரிய கருவிகள் வைத்து ஆராய்ந்து சொல்கிறார்கள். சொன்னாலும் நாம் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். பக்கிரிசாமியிடம் இருந்தது ஒரு பால் கோப்பை. அதை நம்பி ஒரு லயமே கேட்டது.

சண்டை முடிந்து துரை திரும்பி வந்தார். பால்மரம் போய் மரவள்ளி நின்ற பன்னிரண்டு ஏக்கரைப் பார்த்து, யார் வேலை என்று கத்தினார். இருளப்பன் தரையைப் பார்த்தார். எல்லாருமே தரையைப் பார்த்தார்கள். பக்கிரிசாமி முன்னால் வந்து, ஏன் வெட்டினோம் என்பதற்குச் சாட்சியாக மூன்றரை வருடத் தாள்களையும் நீட்டினார். துரை ஒவ்வொன்றாய்ப் புரட்டினார். முகம் மலர்ந்தது. ஒரு கோடு எவ்வளவு மழை என்று தெரிய வேண்டுமே என்று அந்தக் கோப்பையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, நாளைக்குள் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்.

மழைக் கணக்கு தோட்டத்து ஏட்டில் ஏறியது. அளந்தவர் சட்டி பானையோடு தெருவுக்கு வந்தார். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மாசி மாதம், ராமநாதன் கடைக்குக் கருவாடு வாங்க இருளப்பன் வந்தார். பக்கிரிசாமியைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். பக்கிரிசாமி விடவில்லை, கையைப் பிடித்து மூட்டை மேல் உட்காரவைத்துக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

"ஓடையில தண்ணி ஓடுதா?"

"ஓடுது. மேட்டுல வெட்டுன எடத்துலயும் காடு தழச்சிருச்சு. பொம்பளைங்க நடையில்லாம இருக்காங்க." இருளப்பன் கோப்பியைக் குடிக்காமலே வைத்திருந்தார். "அன்னிக்கு நான் வாயத் தொறக்கல, பக்கிரி."

"தொறந்திருந்தா ரெண்டு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும். விடுங்க."

பிறகு பக்கிரிசாமி, வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"வரும்போது ஒரு போத்தல்ல அந்தத் தண்ணியப் பிடிச்சிக்கிட்டு வந்திருக்கக் கூடாதா, கங்காணி?"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.