பச்சை காட்டிய அலமாரி

என் அம்மா விமானம் ரிப்பேர் செய்கிறாள் என்பதை ஐந்தாம் வகுப்பில் என்னோடு படித்த ஒருவரும் நம்பவில்லை. ஈஜிபுராவில் எங்கள் தெரு அம்மாக்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனார்கள். மீதிப் பேர் அந்தக் கம்பெனிக்காரர்கள் வீட்டில் சமைக்கப் போனார்கள். என் அம்மா மட்டும் நீலச் சட்டையும் கனமான பூட்ஸும் போட்டுக்கொண்டு அதிகாலையில் கம்பெனி பஸ் ஏறினாள். அதனால் ஒரு சனிக்கிழமை ஹேங்கரில் குடும்ப நாள் என்று எங்களை அழைத்தபோது, திங்கட்கிழமை வகுப்பில் என்னென்ன அளக்க வேண்டும் என்று நான் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டேன்.

ஹேங்கர் என்பது விமானத்தை நிறுத்தி வேலை பார்க்கும் கொட்டகை. எங்கள் தெரு முழுவதையும் அதற்குள் வைத்துவிடலாம். புதிதாக வாங்கியிருந்த சாதனங்களை அன்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஒரு டிரோன் விமானத்தைச் சுற்றிப் பறந்து படம் எடுக்க, எங்கே கீறல், எங்கே நசுங்கல் என்று கம்ப்யூட்டர் வட்டம் போட்டது. பாம்பு போல வளைகிற கேமரா ஒன்று இன்ஜினுக்குள் புகுந்து உள்ளே இருப்பதைத் திரையில் காட்டியது. வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் டிரோன் பின்னால் ஓடினார்கள். என் அம்மாவின் பொறுப்பில் விட்டிருந்ததோ ஓர் அலமாரி.

அது லேசுப்பட்ட அலமாரி இல்லை என்று அம்மா சொன்னாள். ஒவ்வொரு கருவியின் மேலும் விரல்நகம் அளவில் ஒரு கறுப்பு வில்லை ஒட்டியிருந்தது. கதவை மூடியதும் எது உள்ளே இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது, யார் எடுத்தார்கள் என்று அலமாரி தானே கண்டுபிடித்துவிடும். எல்லாம் வந்துவிட்டால் திரையில் பச்சை. ஒன்று குறைந்தாலும் சிவப்பு. ஒரு சின்னத் திருப்புளி விமானத்துக்குள் தங்கிவிட்டால்கூடப் பறக்கும்போது எதிலாவது போய்ச் சிக்கிக்கொள்ளுமாம். அதனால் எல்லாக் கருவிகளும் திரும்பி வராமல் விமானத்தை ஓர் அங்குலமும் நகர்த்த மாட்டார்கள்.

அம்மா இதை வந்தவர்களிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே டிரோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அம்மாவை நினைத்துக் கொஞ்சம் அவமானமாக இருந்தது; அலமாரி மேல் கோபமாகவும் இருந்தது. அவ்வளவு கெட்டிக்கார அலமாரியா என்று பார்த்துவிட நினைத்தேன்.

அம்மா யாருக்கோ தண்ணீர் எடுத்துவரப் போன நேரத்தில், திறந்திருந்த இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்தேன். பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, அதைப் போல நீட்டி மடக்கும் கம்பியின் நுனியில் வட்டமாக இருந்தது. வில்லையை நகத்தால் கிள்ளி எடுத்து, கண்ணாடி இருந்த கறுப்பு ஸ்பாஞ்ச் குழியின் அடியில் ஒட்டினேன். கறுப்பில் கறுப்பு, கண்ணுக்கே தெரியவில்லை. இழுப்பறையைத் தள்ளிக் கதவை மூடினேன். திரை பச்சை காட்டியது. அவ்வளவு பெரிய கம்பெனியின் அலமாரியை ஏமாற்றிவிட்ட பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் காட்டிச் சிரிக்க வேண்டும் என்று கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மதியம் எல்லாக் குடும்பங்களும் கிளம்பின. அம்மாவுக்கு ஷிஃப்ட் முடியவில்லை என்பதால் நான் மட்டும் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிச் சுவர் வழியே ஹேங்கர் முழுவதும் தெரிந்தது. சாயங்காலம் கிளம்ப வேண்டிய விமானம் ஒன்று உள்ளே நின்றது. காலையில் குடும்பங்கள் வருவதற்கு முன் சக்கரம் மடங்கி உள்ளே போகும் அதன் சக்கரக் குழிக்குள் அம்மாதான் வேலை பார்த்திருந்தாள், நான் எடுத்த அதே சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு. இது அப்போது எனக்குத் தெரியாது.

அலமாரி பச்சை காட்டினாலும் அம்மா ஒவ்வோர் இழுப்பறையையும் திறந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். அந்தப் பழக்கத்தை மற்றவர்கள் கிண்டல் செய்வார்களாம். அன்று மூன்றாவது இழுப்பறையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சற்று நேரத்தில் கன்னடக்காரரான மேனேஜர் வந்தார். கதவு பாதி திறந்திருந்ததால் பேச்சு எனக்குக் கேட்டது.

"ஸ்கிரீன்ல எல்லாம் கிரீன் இருக்கல்வா? சைன் மாடிபிடும்மா, லேட் ஆகுது."

"கண்ணாடி ஸ்கிரீன்ல இருக்குது சார், குழியில இல்ல. நான்தான் காலையில எடுத்தேன். வெச்ச மாதிரிதான் ஞாபகம். ஆனா ஞாபகத்த நம்பி கையெழுத்து போட மாட்டேன்."

அதன்பிறகு அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு சக்கரக் குழிக்குள் ஏறினாள். கூட வேலை பார்த்த ஜோகுபாளையத்து அண்ணன் பாம்புக் கேமராவை இடுக்கு இடுக்காக விட்டுப் பார்த்தார். இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். "அக்கா, மூணு தபா பாத்தாச்சு. இனிமே பிளேனோட தரைப் பலகையத்தான் கழட்டணும்" என்றார் அவர். "கழட்டு" என்றாள் அம்மா. விமானம் அன்று போகாது என்று மேனேஜர் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். என் மடியில் இருந்த பை சுடுவது போல இருந்தது.

தண்ணீர் குடிக்க வந்த அம்மாவின் முழங்கை சிராய்த்திருந்தது. என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"பாப்பா, காலையில அந்தப் பக்கம் எதையாச்சும் எடுத்தியா? எடுத்திருந்தா சொல்லு. உண்மையச் சொன்னா அம்மா அடிக்க மாட்டேன்."

இந்த வாக்குறுதியை எனக்கு நன்றாகத் தெரியும். மிக்ஸி மூடி உடைந்தபோது இதை நம்பி உண்மையைச் சொல்லி, முதுகில் இரண்டு வாங்கியவள் நான். இல்லை என்று தலையாட்டினேன். அம்மா அடுத்த கேள்வி கேட்கவில்லை. என்னை நம்பி எழுந்து போய்விட்டாள். அவள் நம்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உள்ளே தரைப் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். நான் எனக்குத் தெரிந்த வழியில் விஷயத்தைச் சரிசெய்யப் பார்த்தேன். கண்ணாடியை எடுத்து, தானே உருண்டு வந்ததுபோல, ஹேங்கர் கதவோரம் மிதியடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா அடுத்த தடவை வரும்போது அது காலில் தட்டுப்பட்டது. எடுத்தாள். முகம் மலர்ந்தது. திருப்பிப் பார்த்தாள். வில்லை இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது, பக்கத்தில் நகக்கீறல்.

அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பெட்டி எப்படி பச்சை காட்டிச்சு?"

கூட்டிப்போய்க் காட்டினேன். குழிக்கு அடியிலிருந்து வில்லையைப் பிய்த்துக் கொடுத்தேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மா அந்த வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. கண்ணாடியைக் குழியில் வைத்து, விமானத்துக்குள் கிடைத்தது என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அம்மாவோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு டேப்லெட்டில் நடந்ததை எழுத ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். 'என் மகள்' என்று இங்கிலீஷில் இருந்தது. என்னைப் பற்றி எழுதாதே என்று அழுதேன். "எழுதலன்னா நாளைக்கு இதே பெட்டி இன்னொருத்தருக்கும் பச்சை காட்டும்" என்று சொல்லிவிட்டு முழுவதையும் எழுதி முடித்தாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனாள். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் என்று எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

பின்னாளில் அந்த அலமாரியின் வில்லைகளைப் பிய்க்க முடியாதபடி கருவியின் கைப்பிடிக்குள்ளேயே பதித்துவிட்டார்களாம். தன் தவறைத் தானே சொல்பவருக்குத் தண்டனை கிடையாது என்று அந்த மேனேஜர் அறைச் சுவரில் எழுதி மாட்டியிருக்குமாம். ஆனால் அம்மா அப்போது ஒப்பந்தத்தில்தான் இருந்தாள். நிரந்தரம் செய்யும் பட்டியல் அடுத்த மாதம் வரவேண்டியிருந்தது. பிள்ளையை அலமாரிப் பக்கம் தனியாக விட்டதே பெரிய குற்றம். அவளை நிரந்தரம் செய்தார்கள், கூட இருந்தவர்களை எல்லாம் செய்து ஒரு வருடம் கழித்து. இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று அம்மா வெளியே வர வெகுநேரம் ஆனது. நான் ஒன்றும் கேட்கவில்லை, கோபத்தில் இருந்தேன். பஸ்ஸுக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. கிரீஸ் போகக் கை கழுவிவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து, என் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.