மழை மணி அடித்த களம்

வேகவைத்த நெல்லின் வாசனைதான் முதலில் வரும். தெரு முனை திரும்பிய பிறகுதான் எங்கள் ஜார்ஜ்டவுன் அரிசி மில்லின் சிமெண்டுக் "களம்" கண்ணில் படும். புழுங்கிய நெல்லை அங்கே வெயிலில் பரப்பி, வெறுங்காலால் கிளறிவிடும் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. பள்ளி விட்டதும் நேரே அங்கே போய், கால் சுடுமென்று ஓரமாக நின்று, இத்தனை நெல் உலகத்தில் இருக்கிறதா என்று வாய் பிளந்து பார்ப்பேன்.

மேகம் திரண்டால் வாசலில் தொங்கும் "மழை மணி"யை அடிப்பார்கள். நெல் நனைந்து கறுத்துப்போனால், "தவுக்கே" என்று நாங்கள் சொல்லும் சீன முதலாளி, களத்துப் பெண்களை மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிடுவார். ஒரு மத்தியானம் வெயில் அடிக்கும்போதே வானம் கறுத்துக்கொண்டு வர, அம்மாவே ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தாள். எதிரே நாசி கண்டார் சோற்றுக்கடை பாய் கறிக்கரண்டியும் கையுமாக வந்தார். முடிவெட்டும் சீனர் வர, அவரிடம் பாதிச் சவரத்தில் இருந்த ஆளும் முகத்து நுரையோடு வந்து குனிந்து நெல் தள்ளினார். கடைசிக் குவியலைத் தார்ப்பாயால் மூடவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஒரு கயிற்றை இழுத்து ஒரு தெருவையே வரவழைத்த அம்மாவைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"கூப்பிட்டா வருவாங்க லா, இதுல என்னா இருக்கு" என்றாள் அவள், சர்வசாதாரணமாக.

மில் மூடிப் பல வருடம் பூட்டிக் கிடந்து, இப்போது ஓட்டலும் காப்பிக் கடைகளுமாகத் திறந்திருக்கிறார்கள். கெலுகோரில் என்னோடு இருக்கும் அம்மாவைப் போன வாரம் கூட்டிப்போனேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று முரண்டுபிடித்தவள், கழுவிவிட்ட சுவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். நாங்கள் சாம்பல் நிறம் என்று நினைத்திருந்ததெல்லாம் உமித்தூசியாம். உள்ளே செங்கல் அவ்வளவு சிவப்பு. இடிக்காமல் காப்பாற்றியவர்களை மெச்சத்தான் வேண்டும். மணியைக்கூட கயிறோடு விட்டுவைத்திருந்தார்கள். களத்தில் மேசை போட்டிருந்தார்கள்.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. களத்தில் இருந்த அத்தனை பேரும் தட்டும் கைப்பேசியுமாகத் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள், நானும்தான். அம்மா மட்டும் மணியிடம் போய்க் கயிற்றை இழுத்தாள். அதே சத்தம். ஒதுங்கி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் படம் எடுத்தார்கள். அம்மா கயிற்றை விடாமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் கடை இருந்த பக்கமிருந்து யாரும் வரவில்லை. சுவர் இருக்கிறது, மணி இருக்கிறது, ஓடி வந்த அந்தத் தெருதான் இல்லை.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மழைக்குள் இறங்கிக் களத்தின் குறுக்கே மணியை நோக்கி நான் ஓடினேன்.