டிபன் மூடியில் ஐந்து டேப்

செங்கல்பட்டு அப்துல் கையூம் விமானத்தில் ஏறியதே இல்லை, கழுவியதற்குக் கணக்கில்லை. பதினோரு வருஷமாக முதல் மின்சார ரயிலைப் பிடித்து மீனம்பாக்கம் போகிறார். இன்னும் ஒப்பந்தத் தொழிலாளிதான்.

விமானத்தின் விலாவில், காற்றழுத்தத்தை வைத்து உயரம் அளக்க, பக்கத்துக்கு மூன்றாக ஆறு சின்னத் துளைகள் உண்டு. தண்ணீர் புகாமல் டேப் ஒட்டி, கழுவி முடித்ததும் உரித்துவிட வேண்டும். மறந்தால் என்ன ஆகும் என்று பயிற்சியில் ஒரு இன்ஜினியர் சொன்னது அவருக்கு மனப்பாடம். "எவ்ளோ உசரத்துல கீதுன்னு விமானத்துக்கே தெரியாது பாய். கடல் பக்கமா எறங்கினு இருக்கும், மீட்டர் முள்ளு மட்டும் மேலயே கீதுன்னு காட்டும்."

உரித்ததைத் தரையில் போட்டால் பெரிய குற்றம். அதனால் கையூம் பாய் தன் டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டிக்கொள்வார். வீட்டில் மனைவி ஜெய்புன்னிசா மூடியைக் கழுவி வைப்பாள்.

வழக்கமாக ஒட்டுகிற, பளிச்சென்று தெரியும் சிவப்பு டேப் நான்கு மாதமாக வரவில்லை. கேட்டால், வரும் வரும் என்கிறார்கள். கொடுத்ததெல்லாம் வெள்ளி நிற டேப். விமானத்தின் உடம்பிலும் அதே நிறம். ஒட்டியவர் கண்ணுக்கே தெரியாது. இந்தப் புத்திசாலித்தனம் யாருடையதோ!

அன்று வேலை முடிந்து திரும்பும்போது பசி தாங்காமல் ரயிலிலேயே டிபன் பாக்ஸை எடுத்தார். மூடியில் ஐந்து டேப்தான் இருந்தது. மறுபடி எண்ணினார். ஐந்துதான். பையில், சட்டைக் கையில், செருப்படியில் எல்லாம் தேடினார். ஆறையும் எடுத்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். இன்று கழுவியது அந்தமான் போகிற விமானம், ஒன்றரைக்குக் கிளம்பும். மணி பன்னிரண்டே முக்கால்.

கூடுவாஞ்சேரியில் இறங்கி சூப்பர்வைசர் ஸ்டான்லிக்கு போன் அடித்தார். நான்கு முறை எடுக்கவில்லை. ஒரு துளைதானே, பேசாமல் வீட்டுக்குப் போனால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைக்கத் தோன்றியதே என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி அடித்தார். ஐந்தாவது முறை ஸ்டான்லி எடுத்தான்.

"சார், ஒரு டேப்பு கொறயுது."

"இன்னா பாய் சொல்றே? கையெழுத்து போட்டுக்கினியே!"

"போட்டேன் சார். எண்ணாம போட்டேன்."

"ஜனம் ஏறிக்கினு கீது பாய். இப்ப நிறுத்தினா உனக்கு வேலை இருக்காது."

"போனா போவட்டும். பிள்ளைகுட்டியோட ஏறுவாங்க சார், ஓடுங்க!"

பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்றரை தாண்டி ஒரு விமானம் தலைக்கு மேல் போனது. அது எது என்று யாரைக் கேட்பது? வாயில் துஆ கூட முழுசாக வரவில்லை.

ஒன்று நாற்பதுக்கு போன் அடித்தது. "உரிச்சிட்டேன் பாய்," என்றான் ஸ்டான்லி. மூச்சு இரைத்தது. "இடது பக்கம், கடைசி ஓட்டை. நாளைக்கு நீ வர வேணாம்னு சொல்ட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் கையூம் பாய். வேலை போனது அப்புறம்தான் உறைத்தது.

அதற்குள் வேறொன்று மனசில் குத்தியது. வீட்டுக்கு அடித்தார்.

"ஜெய்பூ, தெனம் மூடியில ஆறு டேப்பு இருக்குமா?"

"நா எங்கங்க எண்ணுனேன்? சொரண்டிப் போட்டுட்டுக் கழுவுவேன். ஏன், இன்னா ஆச்சு?"

அவர் மூடியிலிருந்த ஐந்தையும் இன்னொரு முறை எண்ணினார். இதற்கு முன் ஒரு நாளும் எண்ணியதில்லை. நான்கு மாதம். தினம் ஒரு விமானம்.