அசனத்துக்கு வந்த கடுகு

புதுக்கடை ஊரில் ஒரு பலசரக்குக் கடையில் இருபத்திரண்டு வருடமாகச் சரக்குப் புடைத்துச் சுத்தம் செய்கிற தங்கபாய்க்குப் படித்தவர்கள் மேல் பெரிய மதிப்பு கிடையாது. அதிலும் சபைச் செயலாளர் செல்வதாஸைக் கண்டாலே ஆகாது. கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தோவாளைப் பக்கம் நிலம் வாங்கி, உரம் போடாமல் கடுகு விளைவித்து, செக்கில் ஆட்டிய எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்து நிறுத்திச் சொல்லுவார். அந்த வயலில் அவர் ஒருநாள்கூடக் குனிந்ததில்லை என்பது ஊருக்கே தெரியும்.

இந்த வருடம் அசனத்துக்குத் தாளிக்கத் தன் வயல் கடுகுதான் என்று ஆராதனையில் மைக்கில் அறிவித்தும் விட்டார். சபையார் தொள்ளாயிரம் பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. காணிக்கையாக வரும் சரக்கைப் புடைத்தெடுப்பது எப்போதும் தங்கபாயின் பொறுப்பு.

அசனத்துக்கு முந்தின நாள் காலை, ஆலயத்துக்குப் பின்னால் பந்தலில் செல்வதாஸ் கொண்டுவந்து இறக்கிய மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளிப் புடைக்கிற சுளகில் போட்டாள். விரலிடுக்கில் வழுக்கி ஓட வேண்டிய கடுகு சொரசொரவென்று உரசியது. பெரிய மணியாகப் பார்த்து ஒன்றை எடுத்து நகத்தால் நசுக்கினாள். கடுகென்றால் உள்ளே மஞ்சளாக இருக்கும். இது வெள்ளை.

"சாரே, இதுல பிரம்மதண்டு வித்து கலந்து கெடக்கு. பந்திக்கு ஆகாது."

"ஆர்ஜிமோன் மெக்சிகானா," என்று திருத்தினார் செல்வதாஸ், பெயரைச் சொன்னதும் விஷம் இறங்கிவிடும் என்பதுபோல. "முப்பது வருஷம் அந்தக் களையப் போர்டுல வரைஞ்சவன் நான். எனக்குத் தெரியாதா?"

"வரைஞ்ச செடியில முள்ளு குத்தாதுல்லா. உங்க வயல்ல முள்ளு இலையும் மஞ்சப் பூவுமா நின்னுதா இல்லியா?"

"கொஞ்சம் நின்னுது. ஆளு விட்டுதான் அறுத்தேன்."

"அவன் எல்லாத்தையும் சேத்து அறுத்திருக்கான்."

செல்வதாஸுக்கு முகம் சிவந்துவிட்டது. மைக்கில் சொன்னதை எப்படி மாற்றுவது என்பதுதான் அவருடைய கவலை.

"மூணு மாசமா வீட்டுல இந்த எண்ணெயிலதான் சமையல். ஒண்ணும் ஆகல. ஷெர்லிக்குக் கால் வீக்கத்துக்குக்கூட இதத்தான் தேய்க்கியேன்."

அவர் மனைவி ஷெர்லி பந்தலோரம் நாற்காலியில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பு நுழையாத பாதங்கள் தரையில் ஊதிக் கிடந்தன. தங்கபாய் ஏசுவதை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, வீக்கம் எப்போ தொடங்குச்சு?"

"மூணு மாசம் இருக்கும். வயசாயிட்டுல்லா, அதான்னு சார் சொன்னாரு."

செல்வதாஸ் குனிந்து சுளகிலிருந்து ஒரு விதையை எடுத்து நசுக்கினார். வெள்ளை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் வெள்ளை. மூன்றாவதை நசுக்காமல் சுளகிலேயே போட்டார்.

தங்கபாய் மூட்டையை இறுக்கிக் கட்டினாள்.

"பந்திக்குக் கடையில இருந்து கடுகு கொண்டு வாறேன். நீங்க ஆட்டோவ விளிச்சு அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. பிரம்மதண்டு எண்ணெய் உள்ள போனா காலு ஊதும். எண்ணெய்க் குப்பியையும் எடுத்துக்கிடுங்க சாரே. அந்தப் பெரிய பேர டாக்டருட்ட போய்ச் சொல்லுங்க."