மீன் ஏத்துனீங்களா மேடம்?

டை கட்டிய ஒருவர் உங்கள் காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்திருக்கிறாரா? எங்கள் காரை மோந்து பார்த்தார். ஒரு முறை அல்ல... போகிற போதெல்லாம்.

விஷயம் இதுதான். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத கார். வாரன்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஏசியைப் போட்டால் ஒரு நாற்றம் — வாளியில் ஊறப்போட்டு மறந்துவிட்ட துணி மாதிரி. கொஞ்ச தூரம் போனால் நம் மூக்குக்குப் பழகிவிடும். புதிதாக ஏறுகிறவர்கள்தான் நாசூக்காகக் கர்ச்சீப்பை எடுப்பார்கள்.

நாங்கள் இருப்பது ராஜகீழ்ப்பாக்கம். சர்வீஸ் சென்டர் ஜி.எஸ்.டி. ரோட்டில், பொத்தேரி தாண்டி. கண்ணாடி ரூம், காபி மெஷின், மெத்து மெத்தென்று சோஃபா... எல்லாம் உண்டு. நம் வண்டிக்கு என்ன ஆச்சு என்று சொல்ல மட்டும் ஆள் கிடையாது. முதல் முறை போனபோது விக்னேஷ் என்கிற சர்வீஸ் அட்வைசர் வந்தார். சின்னப் பையன், கழுத்தில் டை, கையில் டேப்லெட். உள்ளே தலையை விட்டு மோந்துவிட்டு, "இந்த மாடல்ல இது நார்மல்தான் மேடம்" என்றார்.

நாற்றம் எப்படிங்க நார்மல் ஆகும்? அப்படியானால் விளம்பரத்திலேயே சொல்லியிருக்கலாமே?

ஏதோ ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தார்கள். தாம்பரம் வருவதற்குள் எலுமிச்சை வாசனை இறங்கிப் போய்விட்டது, பழையது மறுபடி ஏறிக்கொண்டது. அடுத்த முறை டாஷ்போர்டில் ஒட்டுகிற சென்ட் டப்பா ஒன்று இலவசம். அதன் பிறகு மல்லிகை வாசனையும் ஊறின துணி நாற்றமும் கைகோத்துக்கொண்டு வந்தன. அந்தக் கலவை என் எதிரிக்கும் வேண்டாம்.

அதற்கடுத்த முறை போனபோதுதான் வண்டியில் அத்தை இருந்தார்.

அத்தை என்றால் என் மாமியார். கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம்தான் ஊர். கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். என் வீட்டுக்காரர் முரளியைப் படிக்க வைத்து, ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தது அந்த மீன்தான். "போதும் அத்தை, எங்ககூடவே வந்து இருங்க" என்றால், "வந்து? உன் மூஞ்சியப் பாத்துகினு குந்திகினு இருக்கவா?" என்பார். பேசிப் பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவார், திங்கட்கிழமை சாயங்காலம் போவார்.

வருவதும் சும்மா வர மாட்டார். வியாபாரம் முடிந்ததும் மார்க்கெட்டுக்குப் பின்னால் தெரிந்தவர் வீட்டில் தலைக்குக் குளித்து, புடவை மாற்றி, பவுடர் போட்டு, பூ வைத்துக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பினவர் மாதிரி வருவார். முரளி காரோடு மெயின் ரோட்டில் காத்திருப்பார். அத்தை முன் சீட்டில் ஏறி, ஏசிக் காற்றைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு, "சில்லுனு கீதுடா" என்பார். வண்டலூர் ரோட்டில் வண்டி திரும்புவதற்குள் தூங்கிப் போவார். விடியும் முன்னால் எழுந்து வெயிலில் உட்கார்ந்து விற்கிற பொம்பளைக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரே சொகுசு அந்தப் பயணம்தான். தூக்கம் கலையக் கூடாதென்று முரளி ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் வண்டியைத் தொட்டில் மாதிரி ஏற்றி இறக்குவார். பின் சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

திங்கட்கிழமை காலையில் அத்தைக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. எங்கள் தெரு முனை மீன் கடைக்குப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மீனுக்கு இன்னா வயசு? உன் வயசா, உங்கப்பன் வயசா?" என்று ஆரம்பிப்பார். பக்கத்தில் நான் கூடையோடு நெளிந்துகொண்டு நிற்பேன்.

சரி, கதைக்கு வருகிறேன். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அத்தையைக் கொண்டுபோய் விடக் கிளம்பினோம். வண்டலூரில் திரும்பாமல் நேராகப் போனால் சர்வீஸ் சென்டர். ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அத்தையோடே போனோம்.

விக்னேஷ் கதவைத் திறந்தார். மோந்தார். முன் சீட்டில் இருந்த அத்தையைப் பார்த்தார். பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த தெர்மாகோல் பெட்டியைப் பார்த்தார். அத்தை எங்களுக்கு மீன் கொண்டுவந்த பெட்டி. கழுவிக் காய வைத்து, திருப்பி எடுத்துப் போகிறோம்.

"நீங்க என்ன பண்றீங்கம்மா?"

"மீன் விக்கிறேன் கண்ணு. கேளம்பாக்கத்துல."

அந்தப் பையன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! தேடிக்கொண்டிருந்த ஸ்பேர் பார்ட் கிடைத்துவிட்ட மாதிரி.

"வண்டியில மீன் ஏத்துனீங்களா மேடம்?" என்றார் என்னிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையே சொன்னார். "வாராவாரம் எட்த்தாருவேன்பா. எம்புள்ளைக்கு வஞ்சிரம்னா உசுரு."

"அப்ப அதான் சார் ஸ்மெல். எக்ஸ்டர்னல் காஸ், அதாவது வெளியில இருந்து வந்தது. வாரன்டியில வராது."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "ஏங்க, மீன் வாசனைக்கும் ஊறின துணி நாத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன். "எல்லாமே ஸ்மெல்தானே மேடம்" என்றார், நிதானமாக.

முரளி என்ன செய்தார் என்கிறீர்களா? போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். வண்டியை எடுத்து ரோட்டுக்கு வந்த பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இனிமே மீன் எடுத்துட்டு வராதம்மா. எங்க வீட்டுப் பக்கமே கிடைக்குது."

"சரிப்பா" என்றார் அத்தை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை கையை நீட்டி, முகத்துக்கு நேராக வந்துகொண்டிருந்த ஏசிக் காற்றை ஜன்னல் பக்கமாகத் திருப்பிவிட்டார். தன் மேல் பட்டு எங்களிடம் வர வேண்டாம் என்று நினைத்திருப்பார் போல. கேளம்பாக்கம் வரைக்கும் அவர் தூங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முரளி கிளம்பும்போது போன் வந்தது. "நீ வராதப்பா. நான் பஸ்ஸுல வந்துகினு கீறேன். நல்லா காத்து வருது." தாம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். கையில் ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்கு நான் கத்திரிக்காய் வைத்தேன்.

அதற்கடுத்த வாரம் முட்டி வலி என்றார். அதற்கடுத்த வாரம் வியாபாரம் இருக்கிறது என்றார். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். தெரு முனை மீன்காரர் என்னைப் பார்த்து, "இன்னா அக்கா, அம்மா வரல? திட்ட ஆளில்லாம போரடிக்குது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, நடுத்தெருவில்.

இனி பொறுப்பதில்லை என்று கிளம்பினேன்.

கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியமாம். அப்படிச் சொல்லிவிட்டு பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் லைன் கட். மறுபடி போட்டால் மறுபடி முக்கியம், மறுபடி பாட்டு, மறுபடி கட். ஒருவழியாக யாரோ எடுத்து, "உங்க அட்வைசர்கிட்டயே பேசுங்க மேடம்" என்றார்கள். சுற்றிச் சுற்றி மறுபடியும் விக்னேஷ்!

நானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அந்த சோஃபாவில் போய் உட்கார்ந்தேன். மேனேஜர் வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காபி வந்தது. வேண்டாம் என்றேன். பிஸ்கட் வந்தது. சாப்பிட்டேன், பசி. கடைசியில் மேனேஜரும் வந்தார்.

"சார், ஒரே ஒரு கேள்வி. ஒரு மாசமா எங்க வண்டியில மீன் ஏறல. எங்க அத்தையும் ஏறல. நாத்தம் மட்டும் ஏன் கூடிக்கிட்டே போகுது?"

மேனேஜர் விக்னேஷைப் பார்த்தார். விக்னேஷ் டேப்லெட்டைப் பார்த்தார்.

வண்டியை உள்ளே கொண்டுபோய் சீட்டைக் கழற்றினார்கள், கார்ப்பெட்டைத் தூக்கினார்கள். ஏசியிலிருந்து வடிகிற தண்ணீர் வெளியே போக ஒரு சின்ன ரப்பர் குழாய் உண்டாம். கம்பெனியிலிருந்து வரும்போதே அதைச் சரியாக மாட்டாமல் அனுப்பியிருக்கிறார்கள். தண்ணீர் எல்லாம் வண்டிக்குள்ளேயே இறங்கி, முன் சீட்டில் கால் வைக்கிற இடத்துக்கு அடியில் இருந்த பஞ்சு ஊறி, பூஞ்சை பிடித்துக் கறுத்துக் கிடந்தது. அதைத் தூக்கியதும் அங்கே நின்ற அத்தனை பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது!

எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார்கள். "வாரன்டியிலயே பண்ணிட்டோம் மேடம்" என்றார் மேனேஜர், ஏதோ தன் சொந்தச் செலவில் செய்த மாதிரி. விக்னேஷ் தயங்கித் தயங்கி வந்தார். "ஸாரி மேடம்." எனக்கு வேண்டாம், அத்தையிடம் சொல்லுங்கள் என்று போனைப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அத்தை, "எனக்கு இன்னாத்துக்குப்பா ஸாரி? நீ சாப்ட்டியா?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

போனை வாங்கிக்கொண்டு, "அத்தை, மீன் இல்லையாம்! தண்ணியாம்! அவங்க தப்பாம்!" என்று குதித்தேன். "அப்டியா, சந்தோசம் கண்ணு" என்றார். "அப்ப ஞாயித்துக்கிழமை வர்றீங்க." "பாக்கலாம் கண்ணு."

வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விக்னேஷ் யார்? போகிற போக்கில் ஏதோ சொன்ன யாரோ ஒரு பையன். மீன் விற்கிறவரிடம் மூக்கைச் சுளிக்கிறவர்கள் பஸ்ஸில் தினமும் உண்டு. அத்தை அவர்களையெல்லாம் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. அவரை எங்கள் வீட்டுக்கு வரவிடாமல் நிறுத்தியது வேறு ஒருவர் சொன்னது. சர்வீஸ் சென்டர்மீது கோபப்பட்டுக் கோபப்பட்டு, எங்கள் வீட்டு வாசலை நான் பார்க்காமலே விட்டிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது முரளியிடம் நேராகவே கேட்டேன். "அவன் சொன்னான் சரி. நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை அளைந்தது, வாய்க்குப் போகவில்லை. "ஸ்கூல்ல என் பெஞ்சுல எவனும் உட்கார மாட்டான். என்னதான் சோப்புப் போட்டுத் தேய்ச்சாலும் 'மீனு, மீனு'ன்னு ஓடுவானுங்க. அந்த சர்வீஸ் பையன் மோந்து பார்த்தப்ப எனக்கு அம்மா ஞாபகமே வரல. அந்த பெஞ்சுதான் ஞாபகம் வந்துச்சு."

இத்தனை வருடக் கல்யாணத்தில் இதை எனக்குச் சொன்னதே இல்லை. இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முரளி என்னையும் கூப்பிட்டார். மெயின் ரோட்டில் நிற்கவில்லை. மார்க்கெட் வாசல் வரைக்கும் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சேற்றிலும் செதிலிலும் கால் வைத்து நேராக உள்ளே நடந்தார். நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அத்தை ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "இன்னா இங்க? இங்கெல்லாம் நீ வர மாட்டியே?"

"வூட்டுக்குப் போலாம் வா" என்றார் முரளி. ஆபீஸ் தமிழ் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. "மீனும் எட்த்துக்கோ."

"உங்க வூட்டுப் பக்கமே கெடைக்குதுல்ல?"

பக்கத்துக் கடை அக்கா கத்தியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். முரளி இன்னும் கிட்டே போனார். அப்படியே குனிந்தார். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட, மீதி மீன் இருந்த கூடையை இரண்டு கையாலும் தூக்கி, வெள்ளைச் சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நடந்தார். அத்தை பதறிக்கொண்டு பின்னால் வந்தார். முரளி டிக்கியைத் திறக்கவில்லை. பின் கதவைத் திறந்து, சீட்டிலேயே கூடையை வைத்தார்.

"டேய் டேய்! சீட்டு நாறும்டா!"

"நாறட்டும்மா."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "நான் குளிக்கல. பொடவகூட மாத்தல..."

"வூட்டுல குளிச்சுக்கலாம். ஏறும்மா." முன் கதவைத் திறந்துவிட்டார். "அன்னிக்கி நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"போடா பேமானி" என்றார் அத்தை. முந்தானையால் அவர் சட்டையில் இருந்த ஈரத்தைத் துடைத்தார். அந்த முந்தானையிலும் மீன்தான். துடைக்கத் துடைக்கச் சட்டை இன்னும் மோசமானது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். நான் கூடைக்குப் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்து, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

வண்டி வண்டலூர் ரோட்டைப் பிடித்திருக்கும். கூடையிலிருந்து தண்ணீர் என் செருப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் போன் அடித்தது. கார் ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததால் வண்டி முழுக்கக் கேட்டது, ஒரு பெண் குரல், தேன் மாதிரி.

"வணக்கம் மேடம், சர்வீஸ் ஃபீட்பேக்குக்காகப் பேசுறோம். வண்டியில துர்நாற்றம் வருதுன்னு கம்ப்ளைன்ட் குடுத்திருந்தீங்க. இப்ப ஏதாவது ஸ்மெல் இருக்குங்களா மேடம்?"

நான் பதில் சொல்வதற்குள் முன் சீட்டிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "கீது கண்ணு! வண்டி முச்சூடும் கீது!"

"ஸாரி மேடம்... அப்ப ப்ராப்ளம் இன்னும் சரியாகலைன்னு போட்டுக்கட்டுமா?"

"இல்லம்மா" என்றார் முரளி. "சரியாயிடுச்சுன்னு போட்டுக்கங்க."

பாவம், அந்தப் பெண் கடைசியில் எதை டிக் செய்ததோ!