ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் ஒரு பார்சல்

"ஏம் பாப்பா, எங்க வூட்டுல என்ன சொல்றா?"

போன வாரம் ராமசாமி அண்ணன் இப்படிக் கேட்டதும் சோடா எனக்குப் புரையேறிவிட்டது. பெரம்பலூரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எதிரே கூல்டிரிங்ஸ் கடை வைத்திருக்கிறார். (பெயரை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று கடைசியில் புரியும்.)

அவர் மனைவி இப்போது இல்லை. வயிற்றில் கேன்சர். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. "எனக்குத்தான் கேக்கல... ஏன் கேக்கலன்னாவது பாருங்க" என்று, ஆபரேஷனில் எடுத்த கட்டியில் ஒரு துண்டை எங்கள் ஆய்வுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணனுக்கும் அந்த ஒரே கேள்விதான். ஏன் கேக்கல?

செல்லின் மேல் 'மெட்' என்று ஓர் ஏற்பி உண்டு. ரிசப்டர் டைரோசின் கைனேஸ் வகை – பெயரை விடுங்கள், வேலையைப் பாருங்கள். 'வளரு, வளரு' என்று செல்லுக்கு உத்தரவு போடும். மருந்தை அதுதான் தோற்கடித்ததா? கண்டுபிடிக்க ஆன்டிபாடி என்றொரு புரதம் இருக்கிறது. அந்த ஏற்பியைத் தேடிப்போய் ஒட்டும். கலர் ஏற்றினால் பழுப்பாகத் தெரியும். அவ்வளவுதான்!

ஆர்டர் செய்த ஆன்டிபாடி வந்த அன்று ஆய்வுக்கூடம் லீவு. நான் வேப்பந்தட்டையில் ஒரு கல்யாணத்தில். "எதிர்க் கடையில கொடுத்துடுங்க" என்றேன் போனில் கொரியர்காரரிடம். மறுநாள் அண்ணன் பார்சலை நீட்டினார். தொட்டால் ஜில்லென்று இருந்தது. அப்பாடா!

முதலில் வேறொரு சாம்பிளில் சோதித்திருக்க வேண்டும். அவசரம் யாரை விட்டது? அந்த அக்காவின் கட்டியில் மிச்சமிருந்த கடைசிச் சீவல்களையும் சேர்த்தே போட்டேன்.

பழுப்பு வரவில்லை. கட்டாயம் வர வேண்டிய ஒப்பீட்டு ஸ்லைடிலும் வரவில்லை. ஆன்டிபாடி செத்திருந்தது. இனி சோதிக்கத் துண்டும் இல்லை.

"பார்சலை எங்கண்ணே வெச்சிருந்தீங்க?"

"ஃப்ரீசர்லதான்! ஐஸ்கிரீமையெல்லாம் ஒதுக்கிட்டு உள்ளாற தள்ளி வெச்சேன். எங்க வூட்டு விஷயமாச்சே." ஃப்ரீசர் கதவைத் தொட்டார். "துபாய்லேர்ந்து பையன் வர்ற வரைக்கும் அவளையே ஐஸ் பெட்டியிலதான வெச்சிருந்தோம். மொகம் வாடலயே பாப்பா."

ஆன்டிபாடி குளிரில் இருக்கலாம். உறையக் கூடாது. உறைந்தால் போச்சு.

இதை எந்த வாயால் சொல்வது?

"சோதிக்கிற மருந்து வழியிலயே கெட்டுருச்சுண்ணே. வெயில்."

"அப்ப அவளுக்கு ஏன் கேக்கலன்னு...?"

"இனிமே தெரியாதுண்ணே."

அண்ணன் ஃப்ரீசர் கதவைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"நல்லவேளை... நம்மகிட்ட இருந்த வரைக்கும் ஜில்லுன்னு இருந்துச்சு."

பெரம்பலூர் வெயில் எத்தனையோ பழியைச் சுமக்கிறது... இதையும் சுமக்கட்டும்.