அக்காவின் பகல் நித்திரை

புலம்பெயர்ந்து வந்து வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கார் விட ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த இடம் கீழ்வீட்டு அக்காவின் படுக்கையறை யன்னலுக்கு நேர் முன்னால் இருந்தது. காரின் மூக்குக்கும் அந்தக் கண்ணாடிக்கும் இடையில் ஒரு நடைபாதையும் கொஞ்சப் புல்லும்தான்.

அக்கா என்று கூப்பிட்டாலும் அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. ஊரில் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். தனியாக வந்து, யாரோ ஒருவரின் பேஸ்மென்டில் ஒரு மூலையில் இருந்தவரை என் மனைவி கோயிலில் சந்தித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அகதி விசாரணை நாளன்று நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பாண் பேக்கரியில் இரவு ஷிஃப்ட் இருக்கிறதென்று அறிந்து சொல்லிவிட்டதும் நான்தான். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே ஒரு வீடு காலியானபோது கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரின்டெண்டனோடு கதைத்து அதை அவருக்கு எடுத்துக் கொடுத்ததும் நான்தான். இதையெல்லாம் அந்த நாட்களில் நான் அடிக்கடி, கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் முதல் கார் வாங்கினேன். பழைய கார். மேற்கே குடிபெயர்ந்து போகவிருந்த ஒருவர் விற்றார். அவர் தன் பாட்டில் அதற்கு ஒரு அலாரம் பூட்டியிருந்தார். கதவைப் பூட்டிவிட்டு நடந்தால் சற்று நேரத்தில் தானாகவே விழித்துக்கொள்ளும். ரிமோட்டை அழுத்தினால் விளக்குகள் கண் சிமிட்டும். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் கார்கள் களவு போய்க்கொண்டிருந்த நேரம் வேறு.

மழையும் குளிரும் தொடங்கியதும் அது காரணமில்லாமல் கத்தத் தொடங்கியது. நான் வீட்டில் நிற்கும்போது கத்தினால் யன்னலுக்கு ஓடிப்போய் ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிடுவேன். மாலையில் ஏதோ ஒரு நாள், வார இறுதியில் ஏதோ ஒரு நாள். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் வேலைக்கு நான் அந்தக் காரில் போவதில்லை. கூட வேலை செய்த அண்ணை ஒருவர் தன் வான் வண்டியில் எங்கள் நாலைந்து பேரையும் ஏற்றிக்கொண்டு போவார். மனைவியும் பஸ்ஸில் வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுவதும் கார் தனியாக நின்றது. பகலில் அது என்ன செய்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனைவி குளியல் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு ரெலிபோனில் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் பார்த்தபோது குளியலறைத் தரையெல்லாம் வெள்ளம். கீழே இறங்கியிருக்குமோ என்ற பயத்தில் ஓடிப்போய் அக்காவின் கதவைத் தட்டினேன்.

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்தார்.

“அக்கா, மேலை தண்ணி வழிஞ்சு போச்சுது. உங்கடை பாத்ரூம் சீலிங்கை ஒருக்காப் பாக்கட்டே?”

“அதெல்லாம் ஒண்டுமில்லைத் தம்பி. நான் பிறகு பாக்கிறன்.”

“ஊறி விழுந்தால் கரைச்சல் அக்கா,” என்று சொல்லிக்கொண்டே நான் உள்ளே போய்விட்டேன். அவர் பின்னால் வந்து “தம்பி, தம்பி” என்றார். அதற்குள் நான் குளியலறைக் கதவைத் திறந்து லைற்றைப் போட்டுவிட்டேன்.

தொட்டிக்குள் ஒரு தடித்த போர்வை மடித்து விரித்திருந்தது. அதன் மேல் தலையணை. இன்னொரு போர்வை, அப்போதுதான் எழுந்து வந்த மாதிரி ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. சவர்க்காரம் வைக்கும் இடத்தில் ஒரு மணிக்கூடு. மேலிருந்து கசிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தலையணையின் ஓரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

“இதென்ன அக்கா?”

அவர் முதலில் தலையணையை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பிறகு, “இஞ்சை யன்னல் இல்லைத்தானே தம்பி. இருட்டாக் கிடக்கும். நல்லா நித்திரை வரும்,” என்றார்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“என்ர காரோ அக்கா?”

“எப்பவாவதுதான்.”

“பகலிலை கத்துறதோ?”

“எல்லா நாளும் இல்லை.” அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “கதவைச் சாத்திப்போட்டு இதுக்குள்ளை படுத்தால் அவ்வளவு கேக்காது.”

“ஏன் அக்கா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“உங்களுக்கு நான் என்னெண்டு தம்பி சொல்லுறது? நீங்கள் எனக்கு எவ்வளவு செய்திருக்கிறியள். இந்த வீடுகூட உங்களாலைதானே.”

அவர் நன்றியாகத்தான் சொன்னார். எனக்கோ யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரவு முழுக்கப் பாண் தட்டுகளைத் தூக்கி அடுக்கிவிட்டு வருகிற ஒரு மனுசியை நான் குளியல் தொட்டிக்குள் படுக்க வைத்திருக்கிறேன். அதற்கு மேலே, வாய் திறக்கவும் முடியாமல் செய்திருக்கிறேன். நான் ஒரு உதவியும் செய்யாத அந்நியனாக இருந்திருந்தால் அவர் முதல் நாளே வந்து கதவைத் தட்டியிருப்பார்.

அன்று பின்னேரமே அந்த வான்கார அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவருக்குக் கார் வயறிங் தெரியும் என்று அவரே சொல்லியிருந்தார். மறுநாள் காலை குறடு, ஸ்பானர்களோடு வந்தார். காரின் முன்மூடி, பொனற்றைத் திறந்து பார்த்தோம். ஒரு மூலையில், ஒலிபெருக்கி மாதிரி வாய் அகன்ற கறுப்புச் சாமான். அதுதான் சைரன்.

அக்கா வேலையால் வந்து படுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அண்ணையிடம் சொன்னேன்.

“பின்னேரம் செய்வமே அண்ணை? அவ படுத்திருப்பா.”

“நீர் ஒண்டு. வயரை வெட்டினால் ஆள் சரி. ஒரு நிமிச வேலை.”

எனக்கும் அவசரம்தான். அந்தக் குற்ற உணர்ச்சியோடு இன்னொரு மணித்தியாலம் இருக்க முடியவில்லை. “சரி, வெட்டுங்கோ,” என்றேன்.

அவர் வெட்டினார். சைரன் கத்தத் தொடங்கியது.

இதுவரை கத்தியதெல்லாம் ஒன்றுமில்லை. பொனற் திறந்து கிடந்ததால் அது நேரே முகத்தில் அடித்தது. நான் ரிமோட்டை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். அண்ணை கார் பற்றரியின் வயரையும் கழற்றினார். அது நிற்கவில்லை.

“எல்லாத்தையும் கழட்டிப்போட்டன்! இனி எங்கையிருந்தடாப்பா உதுக்குக் கரண்ட் வருது?” என்று அவர் கத்தியது எனக்குப் பாதிதான் கேட்டது.

சைரனின் பக்கவாட்டில் சின்னத் திறப்பு, சாவி போடுகிற துவாரம் ஒன்று இருந்தது. அந்தத் திறப்பு எங்களிடம் இல்லை. விற்றவர் மேற்கே, மலைகளுக்கு அப்பால் எங்கோ போய்விட்டார். ஒவ்வொரு யன்னலாகத் திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அண்ணை ஆணிகளைக் கழற்றி அதை என் கையில் தந்தார். நான் அதை ஜக்கெற்றுக்குள் சுருட்டி நெஞ்சோடு அமத்திக்கொண்டு புல்லில் ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று தெரியாது. அக்காவின் யன்னலிலிருந்து தூரமாக, அவ்வளவுதான். அது என் நெஞ்செலும்பில் அதிர்ந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால் அக்கா வந்துகொண்டிருந்தார். இரவு உடுப்புக்கு மேல் குளிர்கோட், காலில் வீட்டுச் செருப்பு, கையில் நிலம் துடைக்கிற வாளி. வாளி நிறையத் தண்ணீர்.

“உதுக்குள்ளை போடுங்கோ தம்பி!”

போட்டேன். அமத்திப் பிடித்தேன். தண்ணீர் கொதிக்கிற மாதிரிக் குமிழி விட்டது. கத்தல் அனுங்கலாகி, கரகரத்து, நின்றது. என் கை குளிரில் விறைத்துப் போயிருந்தது. அமைதி வந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை.

“செத்துப் போச்சுது, விடுங்கோ,” என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அண்ணையும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் கண்களுக்குக் கீழே கறுத்துப் போயிருந்ததை அந்தப் பகல் வெளிச்சத்தில் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

மறுநாள் வேலையால் வந்ததும் பக்கத்தில் கார் திருத்துகிற கராஜ் ஒன்றுக்குக் காரைக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் கயானாக்காரர். ஈரமான சைரனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். கள்ளன் வயரை வெட்டினாலும் கத்துவதற்காக அதற்குள்ளேயே ஒரு சின்னப் பற்றரி வைத்திருக்கிறார்களாம். அந்தப் பற்றரி பழுதாகிக் கசிந்து, யாரோ வயரை வெட்டிவிட்டார்கள் என்று சைரன் தானாகவே நினைத்துக்கொண்டு கத்தியிருக்கிறது. “இது ரொம்பப் பயந்து போயிருந்தது,” என்றார்.

சைரனே வேண்டாம் என்றுதான் எனக்கு இருந்தது. களவு போனால் இன்னொரு கார் யார் வாங்கித் தருவது என்று மனைவி கேட்டாள். ஆகவே உள்ளே பற்றரி இல்லாத, சத்தமும் குறைவான ஒன்றைப் பூட்டச் சொன்னேன். கராஜ்காரர் சோதித்துக் காட்டியபோது நான் காதைப் பொத்திக்கொண்டு, “காணும், போதும்,” என்றேன். அன்றிலிருந்து காரைப் பின்பக்கமாக விடத் தொடங்கினேன். அப்படி விட்டால் சைரன் இருக்கிற முன்பக்கம் அக்காவின் யன்னலிலிருந்து தள்ளி நிற்கும்.

அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. சந்திக்கும் போதெல்லாம், “நல்லா நித்திரை கொண்டனீங்களோ அக்கா?” என்று கேட்டேன். “சத்தம் ஒண்டும் இல்லைத்தானே?” என்று கேட்டேன். மனைவி சமைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை வாங்கிப் போனேன். அவர் ஒவ்வொரு முறையும், “ஓம் தம்பி, நல்ல நித்திரை. ஏன் தம்பி உதெல்லாம்?” என்பார். என்னைக் கண்டால் படியில் சற்று வேகமாக நடக்கிற மாதிரியும் பட்டது.

ஒரு நாள் நான் சாப்பாட்டுப் பெட்டியோடு புறப்பட, மனைவி கேட்டாள்.

“இப்ப என்னத்துக்கு?”

“சும்மா, ஒருக்கா விசாரிச்சுக்கொண்டு வாறன்.”

“நீங்கள் இப்பிடிப் போய்ப் போய்க் கேட்டால், அந்த மனுசி நித்திரை வராட்டிலும் வந்தது எண்டுதானே சொல்லும். உங்கடை மனம் ஆறுறதுக்கு அது எவ்வளவு காலத்துக்கு ‘ஓம் ஓம்’ எண்டு கொண்டிருக்கிறது?”

கோபமாகத்தான் வந்தது. ஆனால் பெட்டியை மேசையில் வைத்துவிட்டேன். அவள் சொன்னது சரி. என்னுடைய மன்னிப்பும் அவர் தலையில் நான் ஏற்றுகிற இன்னொரு சுமையாகப் போயிருந்தது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் கட்டிலுக்குத் திரும்பிவிட்டாரா, இல்லை இன்னும் அந்தத் தொட்டிக்குள்தான் சுருண்டு படுக்கிறாரா என்று, எங்கள் குளியலறையில் நிற்கும்போதெல்லாம் யோசிப்பேன். மெதுவாகத் தண்ணீரைத் திறப்பேன்.

குளிர்காலம் வந்தது. பனி கொட்டியிருந்த ஒரு சனிக்கிழமைக் காலை, காரை ஸ்டார்ட் பண்ணிச் சூடேற விட்டுவிட்டுக் கண்ணாடியிலிருந்த ஐஸைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அக்கா பஸ்ஸால் இறங்கி வந்தார். வழக்கமாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அன்று போகவில்லை. கதவடியில் நின்று யோசித்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தார்.

“தம்பி, உங்களோடை ஒரு கதை.”

“சொல்லுங்கோ அக்கா.”

“நீங்கள் உப்பிடிக் காரைப் பின்பக்கமா விட்டுச் சூடாக்க, புகை முழுக்க என்ர அறைக்குள்ளைதான் வருது. கட்டில், போர்வை எல்லாம் ஒரே மணம். எனக்குத் தலையிடிக்குது.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, குரலை இன்னும் உறுதியாக்கிச் சொன்னார். “நானும் ரெண்டு மூண்டு சனிக்கிழமையாப் பாத்துக்கொண்டிருக்கிறன். இது சரிவராது. முன்பக்கமா விடுங்கோ.”

“விடுறன் அக்கா,” என்றேன். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, உடனே காருக்குள் ஏறினேன்.

பனியில் காரின் சில்லுகள் வழுக்கின. அக்கா உள்ளே போகாமல் நடைபாதையில் நின்று, கையுறை போட்ட கையை ஆட்டி ஆட்டி வழி சொன்னார்.

“ஸ்ரியரிங்கை வெட்டுங்கோ, வெட்டுங்கோ. இன்னும் கொஞ்சம். போதும், நிப்பாட்டுங்கோ. இப்ப எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுச் சுரண்டுங்கோவன்.”

எஞ்சினை நிறுத்தினேன். அவர் கோட்டிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, படுக்கப் போனார்.